பேச இயலாக் குழந்தையும் இல்லத்தார் கடமையும்

மாலை வேளையில் ஓர் இல்லத்தில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று அழத் தொடங்குகிறது. அதன் கைகளும் கால்களும் அதன் விருப்பத்திற்கு இணங்கி அசைவதில்லை. நாவும் உதடுகளும் அவ்வாறே. அருகிலிருக்கும் தாய் வினவத் தொடங்குகிறாள்: "தண்ணீர் வேண்டுமா? பசிக்கிறதா? திருப்பிப் படுக்க வைக்கட்டுமா? அப்பாவைத் தேடுகிறாயா?" ஒவ்வொரு வினாவின் முடிவிலும் குழந்தையின் கண்களைக் கூர்ந்து நோக்குகிறாள். கண் மேலே உயர்ந்தால் 'ஆம்' என்று பொருள். பக்கவாட்டில் திரும்பினால் 'இல்லை' என்று பொருள். பத்து வினாக்களுக்குள் விடை கிடைத்தால் அழுகை நின்றுவிடும். கிடைக்காவிடில் இருவரும் களைத்துப் போகும்வரை அது தொடரும்.

இந்தத் தாய் எந்தப் பயிற்சிக் கூடத்திலும் கற்றவள் அல்லள். ஆயினும், வாய்ப்பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் தொடர்பு முறைகள் என வல்லுநர் வகுத்துள்ளவற்றின் முதற்படியைத் தன் அனுபவத்தாலேயே கண்டுகொண்டிருக்கிறாள். அவளது முறையில் ஒரு பெருங்குறை உண்டு. குழந்தை கூற விரும்பும் செய்தி தாய் கேட்கும் வினாக்களுள் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது வெளிப்படும். 'காலில் மாட்டிய பட்டை இறுக்குகிறது' என்பதோ, 'நேற்று வந்த மாமா மறுபடி எப்போது வருவார்' என்பதோ தாயின் எண்ணத்தில் தோன்றாவிடில் குழந்தையின் உள்ளத்திலேயே அடங்கிவிடும். அதன் சொல்லுலகம் தாயின் ஊகத்தோடு முடிந்துவிடுகிறது.

அவ்வெல்லையை விரிவாக்குதற்கு உரிய சாதனங்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் விலை மிகுந்தவையும் உண்டு. அட்டையும் பசையும் கொண்டு இல்லத்திலேயே செய்யத்தக்கவையும் உண்டு. எனினும் அவை கிடைத்த பின்னரும் பல இல்லங்களில் பையிலும் பரணிலும் கிடக்கின்றன. இந்நிலைக்குக் கருவியின் குறையைவிட, அதனைப் பற்றிய ஒரு தவறான கருத்தே பெரிதும் காரணமாகும். தொடர்புக் கருவி குழந்தைக்கு மட்டும் உரியது என்பதே அக்கருத்து. உண்மையில் அஃது இல்லம் முழுவதும் பேச வேண்டிய ஒரு மொழி. இல்லத்தார் அம்மொழியிற் பேசாதவரை, குழந்தை அதனைக் கற்கும் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

குறைபாட்டின் தன்மை

உடல் இயக்கக் குறைபாட்டோடு பேச்சுக் குறைபாடும் சேர்ந்து வருவதற்கு முதன்மையான காரணம் மூளை முடக்குவாதம் என்னும் நிலையாகும். கருவிலிருக்கும்போதோ, பிறப்பின்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேரும் ஊறு இதனை விளைவிக்கிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது உயிர்க்காற்றுக் குறைதல், சிகிச்சையின்றி முற்றிய மஞ்சட்காமாலை, மூளையைத் தாக்கும் தொற்று நோய்கள் ஆகியவை அறியப்பட்ட காரணங்களுட் சில. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் இந்நிலைக்கு உள்ளாகின்றன எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் நால்வரில் ஒருவரால் வாய்ப்பேச்சைப் பயன்படுத்த இயலுவதில்லை.

பேச்சு என்பது எளிய செயல் அன்று. மூச்சை அளவோடு விடுதல், குரல் நாண்களை அதிரச் செய்தல், அண்ணம், நா, உதடு, தாடை ஆகியவற்றை நொடிப்பொழுதில் இடம் மாற்றுதல் ஆகிய அனைத்தும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி ஒரு சொல் பிறவாது. இத்தசைகளை இயக்கும் ஆணை சீராகச் செல்லாதபோது, சொல்ல வேண்டியதை நன்கு அறிந்த குழந்தையும் ஒலியை மட்டுமே எழுப்புகிறது. மூளை முடக்குவாதத்தோடு அறிவு வளர்ச்சிக் குறைவு சேர்ந்து வருவதும் உண்டு. சேராமல் இருப்பதும் உண்டு. முற்றிய மஞ்சட்காமாலையால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குச் செவிப்புலனும் குன்றியிருக்கக் கூடும். எனவே வாய் பேசாமையை மட்டும் கண்டு, 'இதற்கு ஒன்றும் புரியாது' என முடிவு கட்டுவது விஞ்ஞான நெறிக்கு முற்றிலும் மாறானது. விடையளிக்கும் வழி ஒன்றைக் குழந்தைக்கு முதலில் அமைத்துத் தந்த பின்னரே அதன் அறிவை அளக்க முடியும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.68 கோடி. அவர்களுள் பேச்சுக் குறைபாடு உடையோர் என்ற தலைப்பில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இடம்பெற்றனர். பல்வகைக் குறைபாடு உடையோர் என்ற தனித் தலைப்பில் 21 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இருந்தனர். நடக்கவும் பேசவும் இயலாத குழந்தை ஒன்று இத்தலைப்புகளுள் எதன்கீழும் எழுதப்பட்டிருக்கலாம். ஆதலின் தொடர்புக் கருவி தேவைப்படும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதை இக்கணக்கிலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. ஒரு தேவை தனியே எண்ணப்படாதபோது அதற்கெனத் திட்டம் வகுப்பதும் கடினமாகிறது.

சாதனங்களின் வகைகள்

தொடர்புச் சாதனங்களுள் மிக எளியது படப்பலகை. ஓர் அட்டையிற் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தையும் அதற்குரிய சொல்லையும் அமைப்பார்கள். விரலை நீட்டக் கூடிய குழந்தை வேண்டிய படத்தைத் தொட்டுக் காட்டும். கையை அடக்கி நீட்ட இயலாத குழந்தைக்குக் கண்ணே விரலாகிறது. ஒளி ஊடுருவும் பலகை ஒன்றின் நடுவில் துளை செய்து, மூலைகளில் படங்களை ஒட்டி, தாயும் குழந்தையும் எதிரெதிரே அமர்வார்கள். குழந்தையின் பார்வை எந்த மூலைக்குச் செல்கிறது என்பதைத் தாய் மறுபுறமிருந்தே அறியலாம். கண்ணையும் நிலைநிறுத்த இயலாத குழந்தைக்கு, பெரியவர் ஒருவர் பலகையின் வரிசைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செல்ல, உரிய இடம் வந்தவுடன் குழந்தை ஓர் ஒலியாலோ தலையசைவாலோ நிறுத்தும். மாலை வேளைத் தாய் கையாண்ட முறைக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே: இங்குச் சொற்கள் முன்னரே பலகையில் உள்ளன, அவை தாயின் நினைவை நம்பி இருப்பதில்லை.

படங்களைக் கடந்து குறியீட்டு மொழிகளும் தோன்றின. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிற் பிறந்த சார்ல்ஸ் பிளிஸ் என்னும் இரசாயனப் பொறியியல் வல்லுநர், சீனாவின் ஷாங்காய் நகரில் வாழ்ந்தபோது அந்நாட்டு எழுத்து முறையைக் கண்டு வியந்து, எல்லா மொழியினரும் பயன்படுத்தக் கூடிய குறியீட்டு முறை ஒன்றை வகுத்து 1949இல் வெளியிட்டார். உலக மக்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் எண்ணியிராத பயன் ஒன்று 1971இல் கனடாவின் டொரான்டோ நகரில் விளைந்தது. உடற்குறை உடைய குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றில் ஷர்லி மெக்நாட்டன் என்னும் ஆசிரியையும் அவர் குழுவினரும், பேச இயலாத குழந்தைகளுக்கு இக்குறியீடுகளைக் கற்பித்து வெற்றி கண்டனர். உலகப் பொதுமொழியாக அமையாத முறை, வாயற்ற குழந்தைகளின் மொழியாக அமைந்தது.

மின்னணு யுகம் வந்தபின் பலகை பேசத் தொடங்கியது. படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும் கருவிகளும், ஒரே ஒரு ஸ்விட்சை அழுத்தி இயக்கத்தக்க கருவிகளும், கண்மணியின் அசைவைத் தொடர்ந்து சொல்லைத் தேரும் கருவிகளும் இன்று வழக்கில் உள்ளன. நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'சன்யோக்' என்னும் படக்குறி முறை உருவாக்கப்பட்டது. சென்னையில் அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் உருவாக்கிய 'ஆவாஸ்' முதலில் தனிக் கருவியாகவும் பின்னர் டேப்லெட் செயலியாகவும் வெளிவந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புத் துறையினர் 'ஜெல்லோ' என்னும் செயலியை உருவாக்கினர்.

இந்தியாவின் அனுபவம்

இக்குழந்தைகளுக்கான கல்விப் பணி இந்நாட்டிற் பெரும்பாலும் இல்லங்களிலிருந்தே தொடங்கியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மாலினி சிப் என்னும் பெண்ணின் தாய் மிது அலுர், 1972இல் அன்றைய பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். மாலினி பின்னர் இங்கிலாந்தில் இரண்டு முதுநிலைப் பட்டங்கள் பெற்றார். தம் வரலாற்றைச் சிறுவிரல் ஒன்றினாலேயே தட்டெழுதி நூலாக்கினார். அந்நூலின் பெயரே 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' என்பது. கொல்கத்தாவில் 1974இல் தொடங்கிய நிறுவனம் இன்று இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் என வழங்கி, மாற்றுத் தொடர்பு முறைகளில் முன்னோடியாக விளங்குகிறது. சென்னையில் 1985இல் தொடங்கிய அமைப்பு இப்போது வித்யா சாகர் என்னும் பெயரோடு பணியாற்றுகிறது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் 1960களிலிருந்து இத்துறை வல்லுநர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

சட்டமும் பின்தங்கிவிடவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்று உறுதி செய்தது. அதனையொட்டி இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 'தொடர்பு' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே துணை முறைகளையும் மாற்று முறைகளையும் சேர்த்துள்ளது. கல்வி பற்றிய அதன் 17ஆம் பிரிவு, பேச்சுக் குறைபாடு உடையோரின் அன்றாடத் தேவைக்கு இம்முறைகளை ஊக்குவிப்பதை அரசுகளின் கடமையாக விதிக்கிறது. கருவி, நிறுவனம், சட்டம் ஆகிய மூன்றும் உள்ள நாட்டில், குழந்தைகள் பலர் இன்னும் ஊகத்தை நம்பியே வாழ்வதற்குக் காரணம் யாது? அதனை இல்லத்தினுள்ளேதான் தேட வேண்டும்.

இல்லத்தாரின் ஐயங்கள்

முதல் ஐயம் அச்சத்திலிருந்து பிறப்பது. 'பலகையைக் கொடுத்தால் குழந்தை பேச முயலாது; இருக்கும் இரண்டொரு சொல்லும் போய்விடும்' என்பர் பெற்றோர். இவ்வச்சம் இயல்பானதே, மருத்துவர் சிலரும் இதனைக் கூறுவதுண்டு. ஆராய்ச்சி முடிவுகளோ இதற்கு மாறாக உள்ளன. 2006இல் வெளியான ஆய்வு மதிப்பீடு ஒன்று, அதுவரை வெளிவந்திருந்த 23 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தது. அவற்றுள் நம்பத்தக்க முறையில் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகளில் இருந்த 27 நேர்வுகளில் ஒன்றிலேனும் பேச்சுக் குறையவில்லை, நூற்றுக்கு 89 பங்கில் பேச்சு ஓரளவு பெருகியது, எஞ்சியவற்றில் மாற்றமில்லை. பெருகிய அளவு பெரும்பாலும் சிறிதே. ஆதலின் பலகை பேச்சைக் கொணரும் என வாக்களிப்பதற்கில்லை. பேச்சைக் கெடுக்கும் என அஞ்சுவதற்கும் இடமில்லை. பேச்சு வரும்வரை காத்திருப்போம் என்னும் இல்லத்தில் இழக்கப்படுவது, மொழி வளர வேண்டிய முதல் ஐந்தாறு ஆண்டுகளே ஆகும்.

இரண்டாவது ஐயம் அன்பிலிருந்து பிறப்பது. 'எங்கள் குழந்தை சொல்வது எங்களுக்குப் புரிகிறது, பலகை எதற்கு?' என்பது அது. தாய்க்குப் புரிகிறது என்பது உண்மையே. ஆனால் தாய் காய்ச்சலுற்று மருத்துவமனையிற் கிடந்தால் குழந்தை யாரிடம் பேசும்? பள்ளியில் ஆசிரியரிடமும், வலியால் துடிக்கும்போது மருத்துவரிடமும் அது தன் நிலையை எவ்வாறு உரைக்கும்? தன் உடலைத் தகாத முறையில் ஒருவர் தீண்டினால் அதனை எவ்வாறு அறிவிக்கும்? சொல்ல இயலாதவர் என்று தெரிந்தே கொடியவர்கள் இத்தகைய குழந்தைகளைத் தேர்வதும் உண்டு. உடலுறுப்புகளின் பெயரும், 'வேண்டாம்', 'நிறுத்து', 'இவர் செய்தார்' என்னும் சொற்களும் இல்லாத பலகை, குழந்தையைக் காவலின்றி விட்டுவிடுகிறது. ஒருவருக்கு மட்டும் புரியும் மொழி அந்த ஒருவரின் ஆயுளுக்குக் கட்டுப்பட்டது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஐயமாக வெளிப்படாத ஓர் ஏமாற்றம். பலகையை முகாமிலோ நிலையத்திலோ பெற்று வந்து குழந்தையின் முன் வைப்பார்கள். ஒரு வாரம் கழியும். இரண்டு வாரம் கழியும். குழந்தை அதனைத் தொடாது. 'இதற்கு இது சரிப்படவில்லை' என்று பலகை பரணுக்குப் போகும். இங்கு ஓர் ஒப்புமை தெளிவு தரும். வாய் பேசும் குழந்தை முதற்சொல்லைக் கூறுமுன் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அம்மொழியைச் சுற்றிலும் கேட்டு வருகிறது. எவரும் பேசிக் கேளாத மொழியை எந்தக் குழந்தையும் பேசியதில்லை. பலகையின் மொழியைக் கற்க வேண்டிய குழந்தையோ, அம்மொழியில் தன்னோடு பேசும் ஒருவரையேனும் காண்பதில்லை. அனைவரும் வாயாற் பேசுகிறார்கள். அது மட்டும் படங்களாற் பேச வேண்டும் எனக் காத்திருக்கிறார்கள்.

இதற்கு மாற்று, இல்லத்தாரே பேசும்போது பலகையைத் தொட்டுக் காட்டிப் பேசுவதாகும். தாய் சோறு பிசையும்போது 'சாப்பாடு', 'சூடு', 'இன்னும்' ஆகிய படங்களைத் தொட்டுக்கொண்டே கூறலாம். தந்தை வேலையிலிருந்து திரும்பியதும் 'அப்பா', 'வந்தேன்' என்று காட்டலாம். பாட்டி கதை சொல்லும்போது 'பயம்', 'ஓடு', 'எங்கே' என்று சுட்டலாம். விடை தருமாறு குழந்தையை வற்புறுத்த வேண்டுவதில்லை. இவ்வாறு உடனிருப்போர் தாமே கருவியைக் கையாண்டு காட்டும்போது குழந்தைகள் குறிகளைப் புரிந்துகொள்வதும் பயன்படுத்துவதும் வளர்கின்றன என்பது ஆய்வுகள் பலவற்றிற் கண்ட முடிபு.

பலகையில் இருக்க வேண்டியவை

பல பலகைகளில் உள்ள படங்களைப் பார்த்தால், அவை யாருடைய வசதிக்காகச் செய்யப்பட்டவை என்னும் ஐயம் எழும். தண்ணீர், சோறு, பால், கழிப்பறை, தூக்கம் என்பவற்றோடு அவை முடிந்துவிடும். இவை பணிவிடை செய்வோர் அறிய விரும்பும் செய்திகள். குழந்தை உரையாடுவதற்கு இவை போதா. பேச்சை ஆராய்ந்தோர், சில நூறு சொற்களே அன்றாடப் பேச்சில் பெரும்பகுதியாக மீண்டும் மீண்டும் வருகின்றன எனக் கண்டுள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை பொருட்பெயர்கள் அல்ல. 'நான்', 'நீ', 'அது', 'வா', 'போ', 'கொடு', 'இன்னும்', 'ஏன்', 'இல்லை' போன்ற சொற்கள். 'தண்ணீர்' என்னும் படம் ஒரு பொருளைப் பெற்றுத் தரும். 'ஏன்' என்னும் படம் ஓர் உலகத்தையே திறந்து வைக்கும். கேலி செய்வதற்கும் சண்டை போடுவதற்கும் உரிய சொற்களும் பலகையில் இருத்தல் வேண்டும். தம்பியைத் திட்ட முடியாத அக்காள் அக்காளாக வாழ இயலாது.

மொழி பற்றிய சிக்கல் இந்தியாவிற்குச் சிறப்பாக உரியது. வெளிநாட்டிலிருந்து வந்த பலகைகளும் செயலிகளும் ஆங்கில அமைப்பைக் கருதி இயற்றப்பட்டவை. அவற்றின் சொற்களை மட்டும் மொழிபெயர்த்து ஒட்டினால் இந்திய மொழிப் பேச்சு உண்டாகாது. ஆங்கிலத்தில் வினை இடையில் நிற்கும். நம் மொழிகளிற் பெரும்பாலானவற்றில் அஃது இறுதியில் நிற்கும். தமிழில் வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லின் ஈற்றிலேயே அமைகின்றன. 'அம்மா' என்னும் ஒரே படத்தால் அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவோடு என்னும் வேறுபாடுகளைக் காட்ட இயலாது.

மரியாதைச் சொற்களும் இவ்வாறே. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக நிற்பது தமிழில் 'நீ', 'நீங்கள்' என இரண்டாகவும், இந்தியிலும் வங்காளியிலும் மும்மூன்றாகவும் பிரிகிறது. பாட்டனாரிடம் 'வா' என்று மட்டும் கூறத்தக்க பலகை, குழந்தையை மரியாதை அறியாததாகக் காட்டும். பெரியவர்களும் அதனோடு பேசத் தயங்குவர். 'வாருங்கள் தாத்தா' என்று அதே குழந்தை கூறும்போது, அது குடும்பத்தில் ஓர் உறுப்பினராகிறது. இல்லத்தில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் வழங்கும் நாட்டில் பலகைக்கும் இரண்டு பக்கங்கள் வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைத் தலைமையாகக் கொண்ட கூட்டுமுயற்சியால் இந்திய மொழிகள் பலவற்றில் எழுத்தை ஒலியாக்கும் முறைகள் உருவாகியுள்ளன. அவற்றின் பயன் இக்குழந்தைகளின் கருவிகளை முழுமையாகச் சென்றடைதல் வேண்டும். எட்டு வயதுச் சிறுமியின் சொற்கள் முதிர்ந்த ஆண்குரலில் ஒலிப்பது அவளுக்கு உவப்பாக இராது என்பதையும் பொறியாளர்கள் கருதுவாராக.

யாருடைய சொல்?

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையையும் கூறாமல் விடுதற்கில்லை. குழந்தை பேச வேண்டும் என்னும் ஆவல், குழந்தைக்காகத் தாமே பேசிவிடும் பிழையிற் சில சமயம் கொண்டுபோய் விடுகிறது. 1970களில் ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990களில் அமெரிக்காவிற் பரவிய முறை ஒன்றில், பெரியவர் ஒருவர் குழந்தையின் கையைத் தாங்கிப் பிடிக்க, குழந்தை எழுத்துகளைத் தட்டும். பேசாதிருந்த குழந்தைகள் நீண்ட வாக்கியங்களை எழுதினர். பெற்றோர் மகிழ்ந்தனர். பின்னர் நிகழ்ந்த சோதனைகளில், குழந்தைக்கு ஒரு படமும் கைபிடிப்பவருக்கு வேறொரு படமும் காட்டப்பட்டன. கைபிடித்தவர் கண்ட படத்தின் பெயரே எழுதப்பட்டது. எவரும் ஏமாற்ற எண்ணவில்லை. தம் கையே எழுதுகிறது என்பதை அவர்களே அறிந்திலர். அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்விச் சங்கம் இம்முறையைப் பயன்படுத்தலாகாது என 2018இல் அறிவித்தது.

இதிலிருந்து இல்லத்தார் அறிய வேண்டிய நெறிகள் சில உள. குழந்தை தன் உடலின் எந்த அசைவைத் தானே அடக்கியாள்கிறதோ அதனையே வழியாகக் கொள்ளுதல் வேண்டும்; அதன் கையைப் பிறர் செலுத்தலாகாது. தாம் அறியாத செய்தியை அவ்வப்போது கேட்டு, விடை குழந்தையுடையதே என உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பலகையில் 'இவற்றுள் எதுவும் இல்லை' என்பதற்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். அக்கட்டம் இல்லாவிடில், விரும்பாத இரண்டனுள் ஒன்றைக் குழந்தை தேர்ந்தே ஆக வேண்டியிருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாகக் காத்திருத்தல் வேண்டும். வாயாற் பேசுவோர் நிமிடத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கூறுகையில், கருவியாற் பேசுவோர் பெரும்பாலும் பதினைந்துக்கும் குறைவான சொற்களையே கூற முடிகிறது. அந்த இடைவெளியில் பொறுமையிழந்து வாக்கியத்தை முடித்து வைப்பவர், உதவுவதாக எண்ணிக்கொண்டு குழந்தையின் வாயை மீண்டும் அடைத்துவிடுகிறார்.

அரசின் கடமை

இல்லத்தின் கடமையை வலியுறுத்துவது, எல்லாச் சுமையையும் தாய்மார் மீது ஏற்றுவதாகிவிடக் கூடாது. குழந்தையைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, நெடுந்தூரம் சிகிச்சைக்குக் கொண்டு செல்பவள் அவளே. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், பலகையோடு அமர்ந்து பேச நேரம் எங்கே என்று அவள் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. அட்டைப் பலகைக்கு ஆகும் செலவு சிறிது. அதனைப் பேச வைக்கும் நேரத்திற்கு விலை உண்டு. ஆகவே தந்தையும் பாட்டியும் உடன்பிறந்தாரும் அண்டை வீட்டாரும் பலகை மொழியைக் கற்க வேண்டும்; அவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981லிருந்து நடைபெற்று வருகிறது. கான்பூரிலுள்ள அரசு நிறுவனம் சக்கர நாற்காலிகளையும் செயற்கை உறுப்புகளையும் பெருமளவில் உற்பத்தி செய்து முகாம்கள் வாயிலாக வழங்குகிறது. சக்கர நாற்காலியை முகாமில் கொடுத்துவிட்டால் அது மறுநாளே ஓடும். தொடர்புக் கருவி அத்தகையதன்று. மொழியை ஒரு நாளில் வழங்க இயலாது. கருவி வழங்கியபின், இல்லத்திற்குச் சென்று பல மாதங்கள் உடனிருந்து கற்பிப்பவர் ஒருவர் வேண்டும். அவரது ஊதியமும் கருவியின் விலையிற் சேர்ந்த ஒரு பகுதியே என்று கருதும் முறை ஏற்பட்டாலன்றி, முகாம்களின் கணக்கில் உயரும் எண்ணிக்கை இல்லங்களில் உரையாடலாக மாறாது.

இதற்கான அடிப்படை ஏற்கெனவே உள்ளது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளின் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய ஏற்பாடு செய்து, மாவட்ட அளவில் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களையும் வகுத்தது. குழந்தைக்கு மூளை முடக்குவாதம் என்று அம்மையத்தில் அறிவிக்கப்படும் நாளிலேயே, கை கால் பயிற்சியோடு, 'ஆம்', 'இல்லை' என்பதற்கு நிலையான அடையாளம் ஒன்றை அமைக்கவும், முதற்பலகையைச் செய்யவும் இல்லத்தாருக்குக் கற்பிக்கலாம். பேச்சுப் பயிற்சி வல்லுநர் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளமையால், அவர்களின் மேற்பார்வையில் சிற்றூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து இல்லந்தோறும் அனுப்பலாம். தாமே கருவியாற் பேசி வளர்ந்த இளைஞர்களை ஊதியத்தோடு அப்பணியில் அமர்த்தினால், அவர்களினும் சிறந்த ஆசிரியர் கிடைத்தல் அரிது.

பலகை மொழி இல்லத்தில் வேரூன்றியதற்கு ஓர் அடையாளம் உண்டு. குழந்தை நன்றி கூறும் நாள் அதுவன்று. தாய் வழக்கம்போல் ஊட்டிக்கொண்டிருக்கையில், குழந்தை கண்ணைத் திருப்பிப் பலகையை நோக்கி, 'வேண்டாம். நீ சொல்வது தப்பு' எனக் கூறும் நாளே அது. அன்று அத்தாய்க்குச் சற்று வருத்தம் தோன்றலாம். ஆயினும் ஏழு ஆண்டுகள் ஊகித்தே அறிந்துவந்த உள்ளம் ஒன்று, அவள் ஊகத்திற்கு அப்பாலிருந்து அவளோடு முதன்முறையாகப் பேசியிருக்கிறது. அத்தகைய மறுமொழியைத் தாங்கும் இல்லங்களை நாடெங்கும் உருவாக்குவதே இத்துறையில் விஞ்ஞானத்தின் பணியும், அரசின் பணியும், இல்லத்தாரின் பணியும் ஆகும்.